எண்ணூறு சிசியின் குதிரைகள்

சேந்தமங்கலம் பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி எல்லா ஊருக்கும் பொது: "மைலேஜ் எவ்வளவு தரும்?" இரண்டாவது கேள்வி எங்கள் ஊருக்கே உரியது: "மலை ஏறுமா?"

மலை என்றால் கொல்லிமலை. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி விற்கிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "ஏறுங்க, ஏன் ஏறாது?" என்று சட்டென்று சொன்னால் நல்ல வண்டி. "ரெண்டு பேர் போனா பிரச்சினையே இல்லீங்க" என்று இழுத்தால் யோசிக்க வேண்டும். அந்த இழுப்புக்குள்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி இருக்கிறது. கையில் இருப்பது சின்ன கார், பையில் இருப்பது சின்ன காசு. இதை வைத்துக்கொண்டு வண்டிக்குக் கூடுதல் பலம் சேர்க்க முடியுமா? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி இங்கிருந்து மேற்கே, கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் நடந்தது.

*

முதலில் குதிரையை அளந்துவிடுவோம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படையிலிருந்து அறிகிறோம். ஆண்டவன், குதிரை இரண்டுக்கும் ஒரே பெயர். குதிரைக்குப் பெயர் போய் எண் வந்தது 18ஆம் நூற்றாண்டில். நீராவி எஞ்சின் விற்றுக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டுக்கு, தன் எந்திரம் எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று வாங்குகிறவர்களிடம் சொல்ல ஒரு கணக்கு தேவைப்பட்டது. அந்த விற்பனைக் கணக்கே இன்றும் கார் விளம்பரத்தில் நிற்கிறது. மெட்ரிக் முறையில் சொன்னால், 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தினால் அது ஒரு குதிரைத்திறன்.

இதை வைத்து மலையை அளக்கலாம். மாருதி 800இன் எடை 650 கிலோவுக்கு அருகில். நாலு பேரும் பைகளும் ஏறினால் 900 கிலோ. அடிவாரத்திலிருந்து மேலே ஆயிரம் மீட்டர் உயரம் என்றும், ஏற 40 நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பெருக்கி வகுத்துப் பார்த்தால், அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படுவது சராசரியாக 5 குதிரைத்திறன்தான். டயர் உராய்வு, வளைவில் நின்று எழுவது, நடுநடுவே வரும் செங்குத்தான ஏற்றங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மடங்காக்கினாலும் 15. மாருதி 800இன் கார்புரேட்டர் எஞ்சின் தருவது ஏறத்தாழ 39.

அப்படியானால் ஏன் திணறுகிறது? அந்த 39 குதிரையும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மட்டுமே கிடைப்பவை. மூன்றாவது கியரில், எஞ்சின் முனகிக்கொண்டிருக்கும் வேகத்தில், அதில் பாதிகூட வராது. போதாததற்கு, மேலே போகப் போக காற்று மெலிகிறது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் பலமும் அதே அளவு குறையும். 39இல் நான்கு குதிரை கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிப் போய்விட்டது. ஏசி ஓடினால் இன்னும் சில குதிரைகள் அதை இழுக்கப் போய்விடும்.

சின்ன காரில் பலம் முழுதாக இல்லாமல் போவதில்லை, வழியில் ஒழுகிவிடுகிறது. குறைந்த செலவில் பலம் கூட்டிய எல்லோருமே இந்த ஒழுகலைத் தேடிப் போனவர்கள்தான்.

*

உலக வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் இருக்கிறது. 1922இல் வந்த ஆஸ்டின் 7 அந்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார். 747 சிசி, பத்துச் சொச்சம் குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய ஆஸ்டின்கள் மலிவாகக் கிடைத்தன. காசில்லாத இளைஞர்கள் அவற்றைப் பிரித்துப் பந்தயக் கார் செய்தார்கள். அதற்கென்றே 750 மோட்டார் கிளப் என்று ஒரு சங்கம் இருந்தது.

அந்த இளைஞர்களில் ஒருவர் காலின் சாப்மன். 1948இல், காதலியின் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில், ஓர் ஆஸ்டின் 7ஐப் பிரித்துத் தன் முதல் வண்டியைக் கட்டினார். சில ஆண்டுகளில் அவர் கண்டுபிடித்தது ஒன்று அழகானது. ஆஸ்டினின் நாலு சிலிண்டருக்கும் காற்றும் பெட்ரோலும் போக இரண்டே வாய்கள்தான். இரண்டு சிலிண்டருக்கு ஒரு வாய். ஒன்று குடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் பங்கு குறையும். சாப்மன் அந்த வாய்க்குள் ஒரு தடுப்பை வைத்துத் தனித்தனிப் பாதை ஆக்கினார். பெரிய எஞ்சின் வாங்கவில்லை, இருந்த எஞ்சினை ஒழுங்காக மூச்சுவிட வைத்தார். 1951இல் அந்த வண்டி மற்றவர்களை அவ்வளவு தூரம் முந்தியதால், அந்தத் தந்திரத்தையே கிளப் விதிமுறையில் தடை செய்ய வேண்டியதாயிற்று. சாப்மன் தொடங்கிய நிறுவனம்தான் லோட்டஸ். ஃபார்முலா ஒன்னை எடைக்குறைப்பால் மாற்றியமைத்த நிறுவனம்.

747 சிசி என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதையின் எண் 796.

*

இந்தியாவில் அந்தக் காலத்தில் கார் என்றால் மூன்று பெயர்கள்: அம்பாசடர், ஃபியட் (பிறகு பிரீமியர் பத்மினி), சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எதை, எத்தனை தயாரிப்பது என்பதை உரிமம் முடிவு செய்த காலம். ஜி. டி. நாயுடு 1950களின் தொடக்கத்தில் கோவையில் இரண்டு பேர் அமரும் மலிவான பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார் என்றும், உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோனது என்றும் அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். மலிவு விலைக் கார் என்ற ஆசை கோவைக்கு மாருதிக்கு முன்பே வந்துவிட்டது.

பந்தயம் நடந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. திருவிழாக் கூட்டம் கூடும். ஓடுகிற வண்டிகளைப் பார்த்தால் நாட்டின் பொருளாதாரம் தெரியும். ஒரு பக்கம் சமஸ்தானத்துக்காரர்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்கள். விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே, எஞ்சைன் என்ற பிரிட்டிஷ் அணியின் காரை, அங்கே ஓட்டினார். இன்னொரு பக்கம் கதவு உரித்த ஃபியட்டும் ஹெரால்டும். இறக்குமதி வரி ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு லேத்தும் அரமும்தான் கதி.

கோவையில் அவை இரண்டும் நிறையவே இருந்தன. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்ய வேண்டியிருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மோட்டாரும் பம்புசெட்டும் செய்யத் தொடங்கினார்கள். வார்ப்பட ஆலை, அச்சுத் தச்சர், லேத் பட்டறை எல்லாம் நடந்து போகிற தூரத்தில். கிணற்றுப் பம்புக்கு இம்பெல்லர் வார்க்கத் தெரிந்த ஊருக்கு, எஞ்சினுக்குள் காற்றுப் பாதையைச் சீராக்குவது புது வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீருக்குச் செய்ததைக் காற்றுக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

*

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஏறத்தாழ 50 ஆயிரம் ரூபாய். மூன்று சிலிண்டர், 796 சிசி. பார்த்தவர்கள் சிரித்தார்கள், தீப்பெட்டி என்றார்கள். ஆனால் கணக்குப் போட்டவர்கள் சிரிக்கவில்லை. ஒன்றரை லிட்டர் அம்பாசடருக்கு 50 குதிரைக்கு அருகில் இருந்தாலும் எடை 1,100 கிலோவுக்கு மேல். டன்னுக்கு 45 குதிரை. மாருதிக்கு டன்னுக்கு 60. எஞ்சின் பாதிதான், ஆனாலும் ஏற்றத்தில் பெரியண்ணனை முந்திவிடும். வண்டியின் பலம் எடையால் வகுபடும் ஒன்று என்பதை இந்தியச் சாலைகளுக்கு முதலில் காட்டியது இந்தத் தீப்பெட்டிதான்.

ஜப்பானில் இதே குடும்பத்துக் காருக்கு வேறு விதமாகப் பலம் சேர்த்தார்கள். 1987இல் வந்த சுசுகி ஆல்டோ வொர்க்ஸ் வெறும் 543 சிசியில் டர்போ வைத்து 64 குதிரைத்திறன் தந்தது. நமக்கு டர்போவும் இல்லை, அந்தக் காரும் வரவில்லை. வந்தது 39 குதிரை மட்டும். மிச்சத்தை நம் பட்டறைகள் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

எப்படித் தேடினார்கள் என்பதை, எஞ்சின் பிரித்துப் பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடலாம். எஞ்சின் காற்றை உறிஞ்சி, பெட்ரோலைக் கலந்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளுகிறது. இந்த ஐந்து வேலையில் எங்கே சிக்குகிறதோ அங்கே பலம் போகிறது. முதல் வேலை, காற்றுப் பாதை. ஹெட்டுக்குள் வார்ப்படத்தில் வந்த சொரசொரப்பையும் மேடுகளையும் அரைத்துச் சீராக்குவார்கள். செலவு கூலி மட்டும். ஆனால் கை நடுங்கினால் ஹெட் போச்சு. அடுத்தது, அழுத்தம். ஹெட்டின் அடிப்பரப்பை மில்லிமீட்டரில் சில பங்கு இழைத்தால் எரியும் அறை சுருங்கி, அழுத்தம் கூடும். அதிகம் இழைத்தால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து, பிஸ்டனை உளி மாதிரி கொத்தும். மூன்றாவது, கேம்ஷாஃப்டின் முட்டை வடிவத்தைத் திருத்தி, வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி செய்வது. இதில் மேல்வேகத்தில் பலம் கிடைக்கும், கீழ்வேகத்தில் இழுவை போய்விடும். பந்தயத்துக்கு நல்லது, கொல்லிமலைக்கு ஆகாது. நான்காவது, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவது. ஐந்தாவது, புகை தடையில்லாமல் போக நேரான சைலென்சர்.

இளைஞர்கள் ஐந்தாவதிலிருந்துதான் தொடங்குவார்கள், காரணம் அது சத்தம் போடும். எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் ஒருவர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: "சைலென்சர் மட்டும் மாத்துனா ரெண்டு குதிரை கூடும் தம்பி, இருபது குதிரை சத்தம் கேட்கும்." பலம் காதில் ஏறுவது சுலபம், சக்கரத்துக்கு இறங்குவதுதான் கஷ்டம்.

*

இந்த வித்தை ஆளுக்கொரு பட்டறையில் தனித்தனி ரகசியமாக இருந்தபோது, அதை வேறு திசைக்குத் திருப்பியவர் எஸ். கரிவரதன். கோவையின் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர், தானே பந்தய ஓட்டுநர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதி உள்ளவர், ஓட்டியும் இருக்கிறார். அவருக்கு இருந்த குறை, தன்னோடு ஓட இந்த நாட்டில் ஆள் இல்லை என்பதாக இருந்திருக்கலாம். ஓட்டுநர்கள் வேண்டுமென்றால் கார்கள் வேண்டும். கார்கள் வேண்டுமென்றால் அவை இங்கே கிடைக்கிற பொருளில், இங்கே கட்டுப்படியாகிற விலையில் ஆக வேண்டும்.

1980களின் இறுதியில் அவர் உருவாக்கியது ஃபார்முலா மாருதி. ஒருவர் மட்டும் அமரும், கூரையில்லாத, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800இன் எஞ்சின். கதவு, கண்ணாடி, பின் இருக்கை, ஸ்டெப்னி, இரும்புக் கூரை எதுவும் இல்லை. இதில் கரி செய்ததை வெறுமனே "மாருதியை வேகமாக்கினார்" என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எஞ்சினிலிருந்து இன்னும் பத்துக் குதிரை பிடுங்க ஆயிரம் வழி தேடலாம், ஒவ்வொன்றுக்கும் காசும் ஆயுளும் போகும். எடையைப் பாதியாக்கினால், அதே எஞ்சின் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு மடங்கு பலம் உள்ளதாகிவிடும். எஞ்சினுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிற காரில் உழைத்ததைவிட அதிகமாக அது ஒன்றும் செய்துவிடவில்லை.

இன்னொரு விளைவும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரி வண்டி. உடைந்தால் உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். யார் பணக்காரன் என்பதைவிட யார் பிரேக்கை எங்கே அழுத்துகிறான் என்பது முக்கியமானது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தடம் வந்தபோது, ஓட இந்தச் சின்ன கார்கள் இருந்தன.

கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அங்கே, ஃபார்முலா மாருதியில்தான். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஆஸ்திரேலியாவில் களமிறங்கியபோது, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த நீண்ட பாதையின் முதல் படியில் இருந்தது, நம் பக்கத்து வீட்டுக்காரர் காய்கறிச் சந்தைக்கு எடுத்துப்போன அதே எஞ்சின்.

கரி அதைப் பார்க்கவில்லை. 1995இல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத்தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

*

இந்த வரலாற்றைப் புகழ்ந்துவிட்டு எழுந்துபோக மனம் வரவில்லை. ஃபார்முலா மாருதி மலிவுதான், ஆனால் யாருக்கு? பந்தயக் கட்டணம், டயர், பெட்ரோல், பயணம், வாரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருக்கிற வசதி, இவை எல்லாம் எஞ்சின் விலையில் சேராத செலவு. சேந்தமங்கலத்துப் பையனுக்கு அந்த மலிவும் எட்டாத மலிவு. ஓட்டியவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஹெட்டை நடுங்காத கையால் அரைத்தவர்கள், நள்ளிரவில் கியர்பெட்டியைப் பிரித்து மாட்டியவர்கள் பெயர் எதிலும் இல்லை. கோவை, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக்கும் ஓடுகிற இந்த வட்டாரத்தில், எஞ்சின் அறிவு எழுத்தில் இருந்ததே இல்லை. அது காதில் இருந்தது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு "மூணாவது சிலிண்டர்ல வால்வு" என்று சொல்லும் காதுகள். அந்தக் காதுகளோடு அந்த வரலாறும் போய்க்கொண்டிருக்கிறது.

போவதற்கு இன்னொரு காரணம், கார்புரேட்டர் போனது. 2000ஐ ஒட்டி பெட்ரோலைக் கணினி தெளிக்கத் தொடங்கியது. ஜெட்டை மாற்றிய ஸ்க்ரூடிரைவருக்கு இசியுவில் வேலையில்லை. பிஎஸ் 4, பிஎஸ் 6 என்று புகை விதிகள் இறுகின. இறுக வேண்டியதும்தான், அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்களும் நாம்தானே. 2014இல் மாருதி 800 உற்பத்தியே நின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கடைசியாக ஒரு முயற்சி கோவையிலிருந்தே வந்தது. பந்தய ஓட்டுநர் ஜெ. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோவுக்கு 85 குதிரை. இதற்கு டர்போவோடு 114. விலை 6.39 லட்சம். பட்டறையில் திருட்டுத்தனமாகச் செய்ததைத் தொழிற்சாலையில் வாரண்டியோடு செய்து தந்தார்கள். ஓட்டியவர்கள் பாராட்டினார்கள். வாங்கியவர்கள் போதவில்லை. பிஎஸ் 6 வந்த 2020இல் அது நின்றுபோனது. மைலேஜ் கேட்கிற நாட்டில் குதிரைக்கு வாடிக்கையாளர் குறைவு.

*

சரி, இன்று பழைய சின்ன கார் ஒன்றும் சில ஆயிரம் ரூபாயும் வைத்திருப்பவர், சட்டத்துக்குள் நின்று என்ன செய்யலாம்? இந்த வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் ஒழுகலை அடையுங்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, தேய்ந்த கிளட்ச், இறங்காமல் உரசுகிற பிரேக், காற்று குறைந்த டயர். காணாமல்போன குதிரைகளில் சில இவற்றிலேயே திரும்பிவிடும், அதுவும் சர்வீஸ் செலவில். அடுத்து எடை. டிக்கியில் வருஷக்கணக்கில் தூங்குகிற சாமான்களை இறக்குங்கள். ஏற்றத்தில் ஏசியை அணையுங்கள். பிறகு கியர்: எஞ்சின் முனகும் முன்பே இரண்டாவதுக்கு இறக்கி, அதைச் சுற்றவிடுங்கள். சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம், அந்தச் சத்தத்தில்தான் 39 குதிரையும் இருக்கிறது. இவ்வளவும் செய்த பிறகு இன்னும் காசு மிஞ்சினால் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். ஏறுகிற வண்டி எல்லாம் இறங்கியும் ஆக வேண்டும். அதே 70 வளைவு, அதே 900 கிலோ. இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்தான். அங்கே குதிரைகள் இழுப்பதில்லை, பிடித்து நிறுத்துகின்றன.